தோற்றிருக்கலாம் என்கிறாயே, மாப்ளே

கேன்டன், மிச்சிகன்
10 ஜனவரி 2022

அன்பு மாப்ளே,

நேற்று நம் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடம் உன் செய்தி வந்தது. "தோத்திருக்கலாம்ல?" ஒரே வார்த்தை. பதில் தட்டினேன், அழித்தேன், மறுபடியும் தட்டினேன், மறுபடியும் அழித்தேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? ஆகஸ்டில் இருந்து உனக்கு ஒழுங்காக நாலு வரி எழுதவில்லை என்பதும் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் தூங்கியாச்சு, வெளியே பனி கொட்டுகிறது, உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஊரில் தம்பி கூட இருக்கிறான். வேலையில் இந்த வருஷம் முழுக்க சிப் தட்டுப்பாடுதான் பேச்சு. லைன் ஒரு வாரம் ஓடும், ஒரு வாரம் நிற்கும். பாய் உன்னைக் கேட்டார். பெரியவர் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே ஜோசியம் சொல்கிறார். தங்கச்சிக்கும் குட்டிக்கும் என் அன்பைச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. நேற்றுக் காலையில் நாம் 2 வெற்றி, 13 தோல்வி, 1 சமன். ஜாக்சன்வில் 2 வெற்றி, 14 தோல்வி. அவர்கள் இண்டியானாபோலிஸை 26-11 என்று அடிப்பார்கள் என்று யார் நினைத்தது? அவர்கள் ஜெயித்த நாளில் நாம் தோற்றிருந்தால் கடைசி இடம் நமக்கு, அதனால் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற ஏப்ரல் டிராஃப்டில் முதல் ஆளை எடுக்கும் உரிமையும் நமக்கு. கிரீன் பே பேக்கர்ஸை 37-30 என்று ஜெயித்ததால் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டோம். அவர்களுக்கோ ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான், முதலிடம் எப்போதோ உறுதி. பந்தை எறிகிற முக்கிய ஆளான அவர்கள் குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ் பாதி ஆட்டத்தோடு உட்கார்ந்துவிட்டார். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஜெயித்து எதற்கு என்றுதானே கேட்கிறாய்?

நீயும் நானும் 2008-ஐ ஒன்றாகப் பார்த்தவர்கள். 16 ஆட்டம், 16 தோல்வி. ஆபர்ன் ஹில்ஸ் அபார்ட்மென்ட்டில் அந்தக் கிழிந்த சோபாவில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்தோம். அதற்குப் பரிசாகக் கிடைத்த முதல் தேர்வில்தான் 2009-ல் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டு வந்தார். பன்னிரண்டு வருஷம் இங்கே ஆடினார். விரல் உடைந்தும் ஆடினார், முதுகு போயும் ஆடினார். சீசன் முடிந்ததும் நடக்கிற நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்கு மூன்று தடவை போனோம், மூன்றிலும் தோல்வி. கடைசியாக ஒரு பிளேஆஃப் ஆட்டம் நாம் ஜெயித்தது 1992 ஜனவரியில், டல்லாஸை 38-6 என்று அடித்தபோது. இந்த மாதத்தோடு அதற்கு முப்பது வருஷம்.

ஆள் எடுப்பதில் நாம் எப்போதுமே ஏழை இல்லை, மாப்ளே. பேரி சாண்டர்ஸ் 1989-ல் மூன்றாவது தேர்வு. கால்வின் ஜான்சன் 2007-ல் இரண்டாவது. இவர்களைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் யார் கிடைக்கப் போகிறார்கள்? பேரி 1999-ல் ஆட்டத்தை விட்டுப் போனார். பந்தோடு ஓடின தூரத்தில் எல்லாக் காலத்துக்குமான சாதனைக்கு இன்னும் 1,457 யார்டுதான் பாக்கி, ஒரு சீசன் போதும், வேண்டாம் என்று விட்டுவிட்டார். கால்வின் முப்பது வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். தோற்றுத் தோற்று அலுத்துப்போனவர்கள் அவர்கள். நம் ஊரில் தோல்வி சுவரில் ஏறிய ஈரம் மாதிரி. மேலே எந்தப் பெயின்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் உரிந்துவிடும். முதலில் சுவர் காய வேண்டும். நேற்று அது கொஞ்சம் காய்ந்தது என்கிறேன் நான்.

முதல் தேர்வு என்கிறாயே, இப்போது நம் குவார்ட்டர்பேக்கான ஜாரெட் கோஃபே 2016-ல் முதல் தேர்வுதான். 2021-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரைக் கொடுத்து, கூடவே டிராஃப்டில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாவது சுற்று வாய்ப்பையும் கொடுத்து ஸ்டாஃபோர்டை வாங்கிக்கொண்டது. நீயும் அதே வருஷம் அவர் பின்னாலேயே லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டாய். வேலைக்காகத்தான் போனேன் என்று நீ எத்தனை தடவை சொன்னாலும் பாய் நம்பத் தயாராக இல்லை.

அமோன்-ரா செயின்ட் பிரவுனைக் கவனித்தாயா? போன டிராஃப்டில் நாம் எடுத்த ரிசீவர், பந்தைப் பிடிக்கிற ஆள். நாலாவது சுற்று, மொத்தத்தில் 112-வது ஆள். அவனுக்கு முன்னால் 16 ரிசீவர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டன. முதல் 11 ஆட்டத்தில் 39 பந்து பிடித்தான். கடைசி ஆறு ஆட்டத்தில் மட்டும் 51. அணியே கையைத் தூக்கிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டின டிசம்பரில் ஒரு பையன் அப்படி ஆடுகிறான் என்றால், அணியின் அந்த உடைமாற்றும் அறையில் யாரும் கையைத் தூக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்த சீசன் ஒன்றும் லேசாகப் போகவில்லை. செப்டம்பர் 26, பால்டிமோர் அணியோடு. 17-16 என்று நாம் முன்னால் இருக்கிறோம். அவர்களுக்கு நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, 19 யார்டு வேண்டும். அதை விட்டோம். அதற்கப்புறம் அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கான கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தும் நடுவர் ஊதவில்லை. கடைசியில் அவர்களுடைய ஜஸ்டின் டக்கர் 66 யார்டில் இருந்து உதைத்தார். பந்து குறுக்குக் கம்பியில் பட்டு, மேலே துள்ளி, அந்தப் பக்கம் விழுந்தது. என் சின்னவள் டிவிக்கு ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டு, "கம்பியில பட்டா கணக்குக் கிடையாதேப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை லீக் வரலாற்றிலேயே நீளமான ஃபீல்ட் கோல். 19-17.

பெரியவர் அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினார். 1970-ல் நியூ ஆர்லியன்ஸில் டாம் டெம்ப்ஸி 63 யார்டில் உதைத்து அந்தக் கால சாதனையைப் படைத்தாரே, அதுவும் நமக்கு எதிராகத்தான், அதுவும் கடைசி நொடியில்தான், அதுவும் 19-17 தான் என்றார். எனக்கு உடம்பே சில்லிட்டுப் போனது. இரண்டே வாரம் கழித்து மின்னசோட்டாவில் என்ன நடந்தது? 37 வினாடி இருக்கும்போது கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு, துணிந்து இரண்டு புள்ளிக்கும் போய் 17-16 என்று முன்னேறினோம். அவர்கள் 54 யார்டில் இருந்து உதைத்தார்கள். மறுபடியும் 19-17.

அன்றைக்கு நம் கோச் டான் கேம்பெல் மைக் முன்னால் உட்கார்ந்து அழுதாரே, பார்த்தாயா? உன் அலுவலகத்தில் சிரித்தார்கள் என்று சொன்னாய். இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஆறடிக்கு மேல் உயரம், ஆட்டக்காரராக இதே நீலச் சட்டை போட்டவர், 2008 அணியிலும் இருந்தவர். பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடியும் கையில் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று கண் கலங்கினார். இத்தனை வருஷத்தில் நமக்காகக் கலங்கின கோச் யாராவது உண்டா? எனக்கு நினைவில்லை.

நடுவில் பிலடெல்பியாவிடம் 44-6 என்று வாங்கினது, பிட்ஸ்பர்க் மழையில் 16-16 என்று நின்றது, தேங்க்ஸ்கிவிங் அன்றைக்கு சிகாகோ கடைசி உதையில் 16-14 என்று எடுத்துக்கொண்டு போனது எல்லாம் உனக்கே தெரியும். அன்றைக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தோம், உன் தட்டு மட்டும் காலி.

இனி சொல்லப்போவதுதான் நேரில் சொல்ல நினைத்திருந்தது.

நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை, ஆக்ஸ்போர்டு பள்ளியில் துப்பாக்கிச் சூடு. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். நாலு பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த வாரம் இந்தப் பக்கம் பல பள்ளிகளுக்கு மிரட்டல் வந்து, வியாழன் வெள்ளி மூடிவிட்டார்கள். சின்னவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி அவள் அம்மாவிடம் மட்டும், "எங்க கிளாஸ் கதவு உள்பக்கமா பூட்டுமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். பதினொரு வயது. அம்மாக்காரி சமையலறையில் விளக்கைப் போடாமல் வெகுநேரம் நின்றாள்.

ஞாயிறு ஆட்டத்துக்கு டிக்கெட் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தேன். போகலாமா வேண்டாமா என்று இருந்தது. சின்னவள்தான் போகலாம் என்றாள். ஃபோர்டு ஃபீல்டில் ஆட்டத்துக்கு முன்னால் மௌன அஞ்சலி. அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே அவ்வளவு பேர் இருந்தும் சத்தமே இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு தாத்தா தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார், விரல்கள் நடுங்கின.

ஆட்டம் உனக்குத் தெரியும். 20-6 என்று முன்னால் இருந்தோம், வழக்கம்போல விட்டோம், 1 நிமிடம் 50 வினாடி இருக்கும்போது 27-23 என்று பின்னால். கையில் ஒரு டைம்அவுட் கூட இல்லை. 75 யார்டு போக வேண்டும். கோஃப் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார். கடைசியில் நாலு வினாடி, 11 யார்டு. பந்து கைக்கு வந்தது. அமோன்-ரா கோட்டைத் தாண்டின இடத்தில் சட்டென்று நின்று திரும்பினான், காவல்காரன் நாலு எட்டு பின்னால் நின்றான், பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது. கடிகாரம் பூஜ்யம். 29-27.

364 நாளுக்கு அப்புறம் ஒரு வெற்றி. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, மாப்ளே, சின்னவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. ஐந்து நாளாகச் சிரிக்காத பிள்ளை, நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிறாள். அந்தத் தாத்தா அவளை அப்படியே தூக்கிவிட்டார். அப்புறம் கேம்பெல் ஆட்டப் பந்தை ஆக்ஸ்போர்டு மக்களுக்கு என்று சொல்லி, இறந்த பிள்ளைகள் நாலு பேரின் பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வரும் வழியில் காரில் அதைக் கேட்டோம். மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

இப்போது சொல். டிராஃப்டில் முந்துவதற்காக அந்த ஆட்டத்தையும் தோற்றிருக்கலாம் என்பாயா? சொல்ல மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்துக்கு ஒரு நியாயம், நேற்றைய ஆட்டத்துக்கு வேறு நியாயமா?

நேற்று என்ன உற்சாகம் தெரியுமா! டாம் கென்னடி, கல்லூரியில் லக்ராஸ் ஆடின பையன், டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள். ஓடுகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு நின்று எறிந்தானே, கலிஃப் ரேமண்டுக்கு 75 யார்டு டச்டவுன். 2-13-1 என்று இருக்கிற அணி கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி ஒரு தந்திரத்தை உட்கார்ந்து யோசித்து, பயிற்சி செய்து, கொண்டுவந்து ஆடுகிறது. வேலை போய்விடுமோ என்று பயந்த கோச் செய்கிற காரியம் இல்லை அது. இவர்களுக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது. அடுத்த வருஷம் இங்கே வருகிற புதுப் பையன் இந்த அறைக்குள்தான் நுழையப் போகிறான், 2009-ல் ஸ்டாஃபோர்டு நுழைந்த அறைக்குள் இல்லை. எனக்கு அது முதல் தேர்வைவிடப் பெரிசு.

இரண்டாவது இடத்தில்தான் என்ன குறை? மிச்சிகன் பல்கலைக்கழகத்து எய்டன் ஹட்சின்சன் இருக்கிறானே, இந்த சீசனில் 14 சாக், அதாவது எதிரணி குவார்ட்டர்பேக்கை எறிய விடாமல் சாய்த்தது. நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட்டை அவர்கள் 42-27 என்று புரட்டின அன்றைக்கு நானும் பாயும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பக்கத்து பிளிமத் பையன். ஜாக்சன்வில் அவனை விட்டுவைக்க வேண்டும் என்று பெரியவர் இப்போதே வேண்டுதல் வைத்துவிட்டார்.

உன் ராம்ஸுக்கு அடுத்த திங்கட்கிழமை அரிசோனாவோடு ஆட்டம். அவர்களுடைய முதல் சுற்று வாய்ப்பு நம் கையில்தான் இருக்கிறது. அவர்கள் சீக்கிரம் வெளியேறினால் நமக்கு இடம் மேலே வரும். உன் கணக்குப்படி நான் ராம்ஸ் தோற்க வேண்டும் என்று உட்கார்ந்து வேண்ட வேண்டும். மாட்டேன். பன்னிரண்டு வருஷம் நம்மிடம் கிடைக்காத அந்த ஒரு பிளேஆஃப் வெற்றி ஸ்டாஃபோர்டுக்கு அன்றைக்குக் கிடைக்கட்டும். வாய்ப்பு எத்தனை இடம் கீழே போனாலும் போகட்டும். நீ இங்கே மறந்து விட்டுப்போன 9-ஆம் எண் ஜெர்சியைத் துவைத்து வைத்திருக்கிறேன், சின்னவள் அதைப் போட்டுக்கொண்டு பார்க்கப் போகிறாளாம்.

முதல் கால்பகுதி முடிந்ததும் கூப்பிடுகிறேன், போனை எடு.

உன்
மச்சான்