படிவம் அச்சடிக்கும் முன்னால் ஊருக்கு வாருங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் சுகாதார ஆய்வுக்கு வரும் ஆராய்ச்சியாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையும். வருகிற விதத்தைப் பற்றித்தான் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு குழு கொசுப்புழுக் கணக்கெடுக்க வந்தது. பெரிய வீடுகளின் வாசலில் நின்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'பூட்டியுள்ளது' என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். உள்ளே வானம் பார்த்த முற்றம், தாழ்வாரத் தண்ணீர் பிடிக்கிற அண்டா, கவிழ்க்காமல் விட்ட பழைய பாத்திரங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இப்படித் தேங்கிய தெளிந்த தண்ணீரைத்தான். அதன் முட்டை பாத்திர விளிம்பில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிந்துவிடும். எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த வீட்டை எந்த ஆச்சி வெள்ளிக்கிழமை விளக்கேற்றத் திறப்பார் என்பதெல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவரையும் கேட்கவில்லை. முதலில் பார்க்க வேண்டிய இடமே கணக்கில் விடுபட்டுப் போனது.

வந்த நேரமும் அப்படித்தான், நூறு நாள் வேலைக்குப் பெண்கள் போயிருந்த முற்பகல். அப்புறம் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள். நாள் முழுக்க ஈரச் சிமெண்டில் அளைந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போன கையோடு உட்கார்ந்திருந்தவரிடம், சாப்பாட்டில் உப்பு எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உப்பைக் கேட்பது தப்பில்லை. ஆனால் அவர் சொல்ல நினைத்தது அந்தக் கையைப் பற்றி, படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

இது நான் புதிதாகக் கேட்கிற சலுகை அல்ல. 1978-லேயே உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா ஆட்டா பிரகடனம், சுகாதாரத் திட்டத்தை வகுப்பதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று சொல்லிவிட்டது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் சமூகத்தை ஆய்வில் ஈடுபடுத்தச் சொல்கின்றன. ஊர்ப் பெரியவர் சரி என்று சொன்னாலும் அது தனி ஆளின் சம்மதத்துக்கு ஈடாகாது என்கின்றன. இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு ஊரே ஒப்புக்கொண்டது என்று எழுதினால், காலனிப் பக்கம் இருப்பவர்களின் குரல் அதில் வராது.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டமே சாட்சி. 2009-இல் அங்கே பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டபோது, பல பிள்ளைகளுக்காக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2010-இல் அரசு அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. உயிர் காக்கிற தடுப்பூசிதான், ஆனாலும் பெற்றோரைக் கேட்காமல் போட்டதால் அதன் மேலேயே சந்தேகம் படிந்தது.

அதனால், கேள்விகள் முடிவாகும் முன்னால் ஒரு சாயங்காலம் வாருங்கள். மகளிர் குழு, பட்டறைத் தொழிலாளர்கள், வீட்டுக் காவல்காரர்கள் எல்லோரையும் நாங்கள் கூட்டி வைக்கிறோம். எங்கள் பிள்ளைகளையும் கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், வேலைக்கு உரிய கூலியோடு. எடுத்த ரத்த மாதிரி எங்கே போகிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவை முதலில் கிராம சபையில் வந்து சொல்லுங்கள், சஞ்சிகையில் அப்புறம் வரட்டும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்துக் கிராமவாசி ஒருவர்