சோதனைப் பதிப்பும் சேமிக்காத 17 டேப்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசு கொடுத்து மென்பொருள் வாங்கியவர்களிடமே அரைகுறைப் பதிப்பை நீட்டி, ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்பது ஏமாற்று வேலை என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக எழுதியிருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: டெக்ஸ்ட் எடிட்டர், அதாவது வெறும் எழுத்துக் கோப்புகளைத் திறந்து திருத்தும் மென்பொருள். அதன் சோதனைப் பதிப்புகளை மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன், ஒருமுறை நன்றாக அடியும் பட்டிருக்கிறேன். இருந்தும் அவர் சொன்னதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

நான் அகராதி வேலை செய்பவள். தலைச்சொல், இலக்கண வகை, பொருள், எடுத்துக்காட்டு என்று வரிவரியாகப் போகும் வெறும் டெக்ஸ்ட் கோப்புகள்தான் என் உலகம். அவற்றில் பெரியதற்கு 31,000 வரிகள். பக்க அமைப்போ அலங்கார எழுத்துருவோ எனக்கு வேண்டாம். கோப்பு சட்டென்று திறக்க வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும், சேமித்தது சேமித்தபடியே இருக்க வேண்டும். இதற்காகத்தான் இலவச எடிட்டர்கள் எத்தனையோ இருக்கும்போது காசு கொடுத்து ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கினேன். வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. முழுப் பதிப்பு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே புதுப் பில்ட்களை, அதாவது வேலை நடக்கும்போதே அவ்வப்போது விடும் இடைக்காலப் பதிப்புகளை, இறக்கிக்கொள்ளலாம்.

இது ஒன்றும் புதிய வழக்கமில்லை. சப்லைம் டெக்ஸ்ட் 3 என்ற எடிட்டரின் பீட்டா (சோதனைப் பதிப்பு) 2013 ஜனவரியில் வந்தபோது, பதிவு செய்த பயனர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1991-இல் வெளிவந்த விம் என்ற எடிட்டர் முழுக்க இலவசம். அதிலும்கூட, பணம் தந்து பதிவு செய்தவர்களுக்கு அடுத்து எந்த வசதி வரவேண்டும் என்று ஓட்டுப் போடும் உரிமையை அதை உருவாக்கிய பிராம் மோலனார் கொடுத்திருந்தார். (அந்தப் பணத்தை அவர் உகாண்டா குழந்தைகளுக்கு அனுப்பிவந்தார் என்பது தனிக் கதை.) காசு கொடுத்தவருக்கு உள்ளே ஒரு நாற்காலி போடுவது இந்தத் தொழிலில் மரியாதையாகத்தான் கருதப்பட்டுவந்திருக்கிறது.

அந்த நாற்காலியால் எனக்குக் கிடைத்ததை முதலில் சொல்கிறேன்.

ஒரு சோதனைப் பில்ட்டில் தேடும் பகுதியைப் புதிதாக எழுதியிருந்தார்கள். மின்னல் வேகம். பெரிய கோப்பில் 'கொடி' என்று தேடினேன். பழைய பதிப்பு 212 இடங்களைக் காட்டிய கோப்பில் புதியது 140 இடங்களைக் காட்டியது. மீதி 72 எங்கே போயின? கோப்பை உருட்டிப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரே அப்படியே இருக்கின்றன. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகப் போடலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு சொல்கிறது. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையிலான கோப்பில் முதலாவது 6 பைட் இடம் பிடிக்கும், இரண்டாவது 9 பைட். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய என் கோப்புகளில் இரண்டும் கலந்துகிடந்தன. பழைய தேடல் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது. புதியது வேகத்துக்காக பைட்டுக்கு பைட் ஒப்பிட்டது.

இரண்டே வரி கொண்ட ஒரு கோப்பை இணைத்து, பில்ட் எண்ணையும் செய்த படிகளையும் எழுதி அனுப்பினேன். இரண்டு வரியும் தனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது, பிழை எங்கே என்று கேட்டு நிறுவனத்தில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. பாவம், அவருக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது. பைட் கணக்கைப் போட்டுக் காட்டியதும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பில்ட்டில் சரியாகிவிட்டது. இது முழுப் பதிப்பாக வந்த பிறகு கண்ணில் பட்டிருந்தால்? கண்ணிலேயே பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சொற்கள் கோப்பில் இல்லை என்று நம்பி 72 பதிவுகளை மறுபடியும் எழுதத் தொடங்கியிருப்பேன்.

எந்த நிறுவனமும் உலகத்தின் எல்லா எழுத்துகளையும் அறிந்த ஆளை உள்ளே வைத்திருக்க முடியாது. அதை நாள் முழுக்கப் பயன்படுத்துபவரிடம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். காசு கொடுத்தவர் என்றால், அவர் பொழுதுபோக்குக்கு இறக்கிப் பார்த்துவிட்டு மறப்பவர் இல்லை. அதில் அவருடைய பிழைப்பு இருக்கிறது, அதனால் ஒழுங்காகப் புகார் எழுதுவார். அந்த வாசகர் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, அடி பட்ட கதைக்கு வருகிறேன்.

இப்போதைய எடிட்டர்கள் பலவற்றில் ஒரு வசதி உண்டு. சேமிக்காமலே மூடினாலும் மறுமுறை திறக்கும்போது எல்லா டேப்களும் அப்படியே இருக்கும். இந்த வசதி வந்ததிலிருந்து என்னைப் போன்றவர்கள் கெட்டுப்போனோம். கையில் துண்டுச் சீட்டு வைத்துக்கொள்வதுபோல, பெயர்கூட வைக்காத டேப்களில் எதையாவது குறித்து வைப்போம். அந்தச் சமயம் அப்படி 17 டேப்கள் இருந்தன. சரிபார்க்க வேண்டிய சொற்கள், ஒரு முன்னுரையின் முதல் வரைவு, ஒரு புலவர் தொலைபேசியில் சொன்ன வழக்குச் சொற்கள்.

புதிய சோதனைப் பில்ட் ஒன்றை நிறுவினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை விழுந்தது, அதாவது தானாகவே நின்று மூடிக்கொண்டது. போகட்டும், சோதனைப் பதிப்புதானே என்று பழைய பதிப்புக்குத் திரும்பினேன். வெற்றுத் திரை. ஒரு டேப் இல்லை. பதறிப்போய் மூடினேன், புதியதைத் திறந்தேன். அதிலும் இல்லை.

நடந்தது இதுதான். எடிட்டர் தன் அமைப்புகளை வைத்துக்கொள்ளும் இடம்தான் அமைப்புக் கோப்புறை. இரண்டு பதிப்புகளும் ஒரே அமைப்புக் கோப்புறையைப் பகிர்ந்துகொண்டிருந்தன. திறந்திருக்கும் டேப்களைப் பதிந்து வைக்கும் கோப்பைப் புதிய பில்ட் சத்தமில்லாமல் தன் புது வடிவத்துக்கு மாற்றிவிட்டது. பழையதற்கு அந்த வடிவம் படிக்கத் தெரியவில்லை, ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு திறந்தது. நான் மூடியபோது அந்த 'ஒன்றுமில்லை'யை அதே கோப்பின் மேல் எழுதிவிட்டது. என் அகராதிக் கோப்புகளுக்கு அன்றாடம் பேக்கப் உண்டு. எடிட்டரின் அமைப்புக் கோப்புறையையும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பெயர் வைக்காமல் குறித்து வைத்தது என் தவறு. அதை மறைக்கவில்லை.

ஆனால் மீதித் தவறு அவர்களுடையது. பிழை இருந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சோதனைப் பதிப்பில் பிழை இருக்கும் என்று தெரிந்துதான் இறக்குகிறேன். அது விழட்டும், வண்ணம் தப்பாகக் காட்டட்டும், மெனு காணாமல் போகட்டும். என் பழைய பதிப்பின் உடைமையில் கை வைக்க மட்டும் அதற்கு உரிமை இல்லை. திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டால் அது சோதனை ஆகாது, கட்டாயமாகிவிடும். விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற எடிட்டரின் 'இன்சைடர்ஸ்' என்னும் சோதனைப் பதிப்பைப் பாருங்கள். இலவசம்தான், காசு கொடுத்தவர் என்ற பேச்சே அங்கில்லை. இருந்தாலும் அது தனியாக நிறுவப்படுகிறது, அதன் அமைப்புகளும் நீட்சிகளும் (நாம் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள்) தனிக் கோப்புறையில் இருக்கின்றன. காசு வாங்கியவர்கள் இந்த அளவாவது செய்திருக்கலாம் அல்லவா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். எடிட்டர் விழும்போது தானாக ஓர் அறிக்கை அனுப்பட்டுமா என்று கேட்கிறது. அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்ததெல்லாம் அந்த அறிக்கையில் போகலாம், திறந்திருந்த கோப்பின் வரிகள் உட்பட. வெளியாகாத கையெழுத்துப் பிரதியை யாருக்கும் காட்டமாட்டேன் என்று பதிப்பாளருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். என்ன போகிறது என்று காட்டிவிட்டுக் கேட்டால்தான் சம்மதம் சொல்ல முடியும்.

அப்புறம், சோதனை என்ற சொல்லுக்கு ஒரு முடிவு நாள் வேண்டும். சப்லைம் டெக்ஸ்ட் 3 பீட்டாவிலிருந்து வெளியே வந்தது 2017 செப்டம்பரில், நாலரை ஆண்டுக்கு மேல். டெக்ஸ்ட்மேட் 2 என்ற எடிட்டரின் ஆல்ஃபா (பீட்டாவுக்கும் முந்தைய சோதனைப் பதிப்பு) 2011 டிசம்பரில் வந்தது, முழுப் பதிப்பு 2019-இல். இரண்டுமே நல்ல எடிட்டர்கள், அவற்றைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அத்தனை நாள் எல்லோரும் சோதனைப் பதிப்பிலேயே குடியிருந்தால், எது போனாலும் 'இது சோதனைதானே' என்று சொல்லிவிடும் வசதி நிறுவனத்துக்குக் கிடைத்துவிடுகிறது. இந்த இடத்தில் அந்த வாசகரின் கோபம் எனக்குப் புரிகிறது.

நடந்ததை விவரமாக எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். திட்டவில்லை; எந்தக் கோப்பு, எந்த வரிசையில் திறந்து மூடினேன் என்பதை மட்டும் சொன்னேன். அடுத்தடுத்த பில்ட்களில் ஒன்றில், சோதனைப் பதிப்புக்குத் தனிக் கோப்புறை வந்தது. முதல்முறை திறக்கும்போது பழைய டேப்களை நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவும் செய்கிறது. மாற்றங்கள் பட்டியலில் அதற்கு ஒற்றை வரிதான் எழுதியிருந்தார்கள். லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டேன், சோதனைப் பதிப்பையும் ஓட்டுகிறேன், இந்தக் கடிதம்கூட அதில் எழுதியதுதான். எழுதத் தொடங்குவதற்கு முன்பே பெயர் வைத்துச் சேமித்துவிட்டேன்.

அந்த 17 டேப்களில் இருந்ததில் பதினொன்றை நினைவிலிருந்து மறுபடி எழுதிவிட்டேன். புலவர் சொன்னவை இருந்த டேப்புக்காக அவருக்கு மறுபடி போன் செய்தேன், அவர் சலிக்காமல் திரும்பச் சொன்னார். மீதி ஐந்தில் என்ன வைத்திருந்தேன் என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

இப்படிக்கு,
அகராதிப் பணி செய்யும் ஒரு வாசகி