அவர் பெயர் ஜோசப்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்து லண்டன் பத்திரிகைகளும் பிரபலங்களும் என்று சென்ற இதழில் வந்த ஆறு பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் தெளிவாக அச்சாகியிருந்தன. பாராட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் இந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவீர்கள். போன வருடம் நான் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிய கடிதத்தில் 'அட்டைப்படம் அருமை' என்ற இரண்டே சொற்கள்தான் வெளிவந்தன.

நான்காம் பக்கத்தில் ஒரு வரி. 'ஜான் மெரிக் என்ற யானை மனிதன், டாக்டர் ட்ரீவ்ஸ் கண்ணில் பட்ட பிறகுதான் மனிதனாக வாழ ஆரம்பித்தான்.' அடுத்த வரியிலேயே டாக்டர் 'வந்தார்', 'பரிசோதித்தார்'. ஆக, 'ஆர்' போட உங்களுக்குத் தெரியாமல் இல்லை. யாருக்குப் போடுவது என்பதில்தான் கணக்குப் பார்க்கிறீர்கள்.

அவர் பெயர் ஜோசப். ஜோசப் கேரி மெரிக், 1862இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் பிறந்தவர்; அபூர்வ நோயால் உடம்பு உருக்குலைந்ததால் 'யானை மனிதன்' என்று காட்சிக்கு வைக்கப்பட்டவர். 'ஜான்' என்பது, லண்டன் ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் ட்ரீவ்ஸ் தம் நினைவுக் குறிப்பில் வைத்த பெயர். 1923இல் வந்த அந்தப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியில் முதலில் ஜோசப் என்றே எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு ஜான் என்று திருத்தியிருக்கிறார். ஏன் அடித்தாரோ! நூறு வருடமாக அந்த அடித்தலைத்தான் எல்லோரும் காப்பியடிக்கிறார்கள். ஆனால் 1886 டிசம்பரில் லண்டன் ஆஸ்பத்திரித் தலைவர் கார் கோம், மெரிக்கை வைத்துக் காப்பாற்ற வழி கேட்டு 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதியபோது ஜோசப் என்று சரியாகத்தான் எழுதினார். அதுவும் ஆசிரியருக்குக் கடிதம்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதை அவர்கள் வெட்டாமல் போட்டார்கள். பணம் வந்து குவிந்தது.

'மனிதனாக வாழ ஆரம்பித்தான்' என்கிறீர்களே, அதற்கு முன்னால் அவர் என்னவாக வாழ்ந்தார்? வேறு போக்கிடம் இல்லாமல் லெஸ்டரில் கதியற்ற ஏழைகளை வேலை வாங்கிக்கொண்டு வைத்திருந்த விடுதியில் நான்கு வருடத்துக்கு மேல் கிடந்தார். 1884இல் காட்சி நடத்துகிற ஒருவருக்குத் தாமே கடிதம் எழுதி, என்னை வைத்துச் சம்பாதிக்கலாம், எனக்கும் பங்கு வரும் என்று வெளியே வந்தவர். ஐம்பது பவுண்டு வரை சேர்த்தும் வைத்தார். பெல்ஜியத்தில் அதை ஒரு பாவி திருடிக்கொண்டு ஓடினான் என்பது வேறு கதை. ட்ரீவ்ஸ் அவரை டாக்டர்கள் சபையில் நிறுத்திக் காட்டினார். ஆஸ்பத்திரியில் துணியைக் களைந்து நிற்கவைத்தது மாட்டுச்சந்தையில் நின்றதுபோல் இருந்தது என்று மெரிக் சொன்னதாக, அவரை லண்டனில் ஒரு கடையில் காசுக்குக் காட்டிய டாம் நார்மன் எழுதி வைத்திருக்கிறார். நார்மனும் உத்தமர் இல்லை. ஆனால் அவர் பக்கத்துக்கு உங்கள் ஆறு பக்கத்தில் அரை வரி கூட இல்லை.

அந்தப் பத்திரிகைகளுடையது 'மரியாதையான ஆர்வம்' என்று கட்டுரையாளர் வேறு சான்றிதழ் தருகிறார். 1891 ஜனவரியில் தொடங்கிய லண்டன் மாத இதழ் 'ஸ்ட்ராண்ட்', ஆறு பென்சுக்கு பிரபலங்களின் வரவேற்பறை, நாற்காலி, நாய்க்குட்டி வரை படம் பிடித்துப் போட்டது. அதே 'ஸ்ட்ராண்ட்' 1897இல் கண்காட்சிக் கொட்டகையில் நின்றவர்களையும் தொடராகப் போட்டது. முதல் வகையினரிடம் அனுமதி கேட்டு, மணியடித்து உள்ளே போனார்கள். இரண்டாம் வகைக்கு டிக்கெட் எடுத்தால் போதும். உங்கள் 'பிரபலத்தின் சமையலறை' பகுதியும் அந்த வம்சம்தான். ஒரு நடிகர் காலையில் எத்தனை இட்லி சாப்பிடுகிறார் என்று நான் பத்து வருடமாகத் தெரிந்துகொண்டு வருகிறேன்.

என் அண்ணன் மூன்றே முக்கால் அடி உயரம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதினார். தணிக்கையில் ஒரு பைசா இடித்ததில்லை. 1989இல் ஒரு வார இதழிலிருந்து (தங்கள் இதழ் இல்லை, பதற வேண்டாம்) இரண்டு பேர் வந்தார்கள். அண்ணி இரண்டு தடவை காபி கொடுத்தார். அண்ணன் பேரேடுகளைப் பிரித்து இரண்டு மணி நேரம் விளக்கினார். எழுதிக்கொண்டார்கள். கிளம்பும்போதுதான், "சார், அந்த பீரோ பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க" என்றார்கள். இதழ் வந்த அன்று சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து மூன்று பிரதி வாங்கி வந்தார், பிரிக்காமலே. உள்ளே பீரோ இருந்தது. தெருப்பையன்கள் கூப்பிடுகிற பட்டப்பெயர் தலைப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது. பேரேடு இல்லை. அப்பா வைத்த பெயர் ஒரு இடத்திலும் இல்லை. மூன்றையும் பரணில் போட்டார், அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. போன ஆவணியில் அவர் காலமானபோது, துக்கம் கேட்க வந்த ஒருவர் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் தெருமுனையில் வழி விசாரித்தாராம்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில், குறுக்கெழுத்து விடைக்குக் கீழே இடம் கிடந்தால் போதும்: 'சென்ற இதழில் ஜான் மெரிக் என்று வெளியான பெயர் ஜோசப் மெரிக் என்றிருக்க வேண்டும்.' ஒரு வரி. மனமிருந்தால் 'வாழ்ந்தார்' என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர், பத்தொன்பது வருட சந்தாதாரர்,
மயிலாடுதுறை.

பி.கு.: இதழ் இரண்டு மாதமாக திங்கட்கிழமைதான் கைக்கு வருகிறது. கடையில் வியாழனன்றே தொங்குகிறது.