பழுப்புக் கோடும் வண்ணப் பெட்டியும்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

நீர் உமது மருமகனிடம் கொடுத்தனுப்பிய மன்ச்கின் சீட்டாட்டத்தின் வண்ணப் பெட்டி மூலை நசுங்காமல் வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் கடுமையாக இருக்கிறது. உமது கடிதத்தில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டியைச் சுற்றி ரொறன்ரோவில் உங்கள் விளையாட்டுக் குழுவுக்குள் எழுந்திருக்கும் வாக்குவாதத்தைப் பற்றியே இருந்தபடியால், ஊர்ப் புதினங்களை அடுத்த கடிதத்துக்கு வைத்துவிட்டு அதற்கே பதில் எழுதுகிறேன். வண்ணப் பதிப்பு வந்த பிறகு பழைய பழுப்பு அட்டைகளைக் கையால் தொடமாட்டோம் என்று ஒரு சாராரும், வண்ணம் பூசியதோடு விளையாட்டே கெட்டுப்போயிற்று என்று மறு சாராரும் நிற்பதாக எழுதி, நான் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தீர். நான் பழுப்பின் பக்கம். ஆனால் உங்கள் குழுவில் பழுப்புக்காகப் பேசுகிறவர்கள் சொல்லும் காரணம் எனக்கு உடன்பாடானது அன்று. நாங்கள் அதில்தான் விளையாடத் தொடங்கினோம், ஆகவே அது அப்படியே இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய பழக்கத்தைச் சொல்கிறதேயன்றி, அட்டையைப் பற்றி ஒன்றையும் சொல்லவில்லை. நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் எடுத்துச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று வேண்டும், அது படத்துக்குள்ளேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மத்தியானம் விறாந்தை மேசையில் பழைய பெட்டியிலிருந்தும் புதிய பெட்டியிலிருந்தும் வாத்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாதாளக் குகைக்குள் வாத்து ஒன்றைக் கண்டு அதைத் தூக்கியவர் ஆட்டத்தில் தாம் ஏறிய படிகளில், அதாவது நிலைகளில், இரண்டை இழக்கவேண்டும் என்ற அந்தச் சாபத்தை நீர் என் தலையில் எத்தனையோ தரம் இறக்கியிருக்கிறீர். மணிக்கூடு திருத்துகிற தம்பி ஒருவரிடம் கண்ணில் பொருத்தும் லென்சை இரவல் வாங்கி வைத்திருந்தேன். பழைய அட்டையில் கோடு முழுக்க ஒரே மையினால் ஆனது. தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம் வரை ஓரங்கூடக் கலையாமல் ஓடுகிறது. புதிய அட்டையில் அதே கோடு கறுப்பாக நிற்கிறது, அதற்குள் நிரப்பிய நிறம் லென்சுக்குக் கீழே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொட்டுப் பொட்டாகப் பிரிந்து தெரிகிறது. வெறுங்கண்ணுக்கு அது அழகான நிறம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் கவனித்தது இதுதான்: பழைய அட்டையில் என் கண் முதலில் போனது வாத்தின் முகத்துக்கு, புதிய அட்டையில் அதன் உடம்புக்கும் அதைச் சுற்றியுள்ள நிறத்துக்கும் போய், பிறகுதான் முகத்துக்கு வந்தது. இந்த அட்டைகளின் ஓவியரான ஜோன் கோவாலிக் வரைகிற உருவங்களின் உயிர் முழுவதும் தடித்த கோட்டிலும் இரண்டு புள்ளிக் கண்களிலும்தானே இருக்கிறது. ஒரு புருவத்தைச் சற்று உயர்த்திவிட்டு அந்தப் பூதம் என்ன நினைக்கிறது என்பதை அவர் சொல்லிவிடுவார். அவ்வளவு குறைவான கோட்டில் அவ்வளவு சொல்கிறவருடைய படத்தில், பேசாத பகுதிகளையெல்லாம் நிறம் பேசவைத்துவிடுகிறது.

இந்த விளையாட்டின் பிறப்பையும் நினைத்துப் பாரும். ஸ்டீவ் ஜாக்சன் இதை 2001இல் வெளியிட்டபோது, பாதாளக் குகைகளுக்குள் புகுந்து பூதங்களைக் கொன்று புதையல் எடுக்கும் கதாபாத்திர விளையாட்டுகளைக் கிண்டல் செய்வதே அதன் நோக்கமாக இருந்தது. அந்த வகைக்கு மூலமான டண்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974இல் சிறு கைநூல்களாக வந்தபோது, உள்ளே இருந்தவை கறுப்பு மையினால் வரைந்த எளிய கோட்டுப் படங்களே. பழைய சுவடிபோன்ற பழுப்பில் அட்டையை அச்சிட்டு, மிகக் கனமான ஒரு வீரகாவியத்தின் பக்கத்தைப் போல அதைக் காட்டி, அதில் பூச்சாடிச் செடி ஒன்றை முதலாம் நிலைப் பகைவனாக நிறுத்துவதில்தான் அந்தக் கிண்டலின் கூர்மை இருக்கிறது. எட்டாம் நிலையில் நிற்கும் அந்தத் தோட்ட மண்டபத்தை எண்ணிப் பாரும். அதை எதிர்ப்பவர் தனியாகவே எதிர்க்கவேண்டும், ஒருவரும் உதவ முடியாது என்ற விதி எவ்வளவு பாரதூரமானது, எதிரே நிற்பதோ அசையாத ஒரு கட்டடம். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லப்படும் பகிடிக்குத்தான் சிரிப்பு அதிகம். பழுப்பு அந்தச் சிரிக்காத முகமாக இருந்தது. வண்ணத்தில் பார்க்கும்போது, இது பகிடி என்று அட்டையே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

உமது பக்கத்து வாதத்துக்கும் வருகிறேன். பிள்ளைகள் வண்ண அட்டைகளைத்தான் முதலில் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர். இங்கேயும் அதைக் கண்டேன். என் தங்கையின் மகள் இரண்டு பெட்டிகளும் திறந்திருந்தபோது புதியதைத்தான் தன் பக்கம் இழுத்தாள். புதிதாக வருகிற ஒரு பிள்ளையை அரை மணித்தியாலம் மேசையில் இருத்தி வைக்க நிறம் உதவுமானால், அதை நான் சிறிய இலாபமாக எண்ணமாட்டேன், ஏனெனில் எங்கள் ஊரில் பிள்ளையை ரியூசனிலிருந்தும் கைத்தொலைபேசியிலிருந்தும் பிடுங்கி ஒரு மேசைக்குக் கொண்டுவருவதே பெரிய காரியம். ஆனால் விளையாட்டுச் சூடுபிடித்த பிறகு அவள் என்ன செய்தாள் என்பதையும் பார்த்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. அட்டையின் தலைப்பையும் அடியிலுள்ள வரிகளையும்தான் பார்த்தாள். இந்த விளையாட்டு நடப்பது அந்த வரிகளில்தான், படம் அவற்றுக்கு வாசற்படி மட்டுமே.

நிறம் எப்போது தேவை, எப்போது அலங்காரம் என்பதை நாங்கள் இருவரும் பள்ளிக்கூடக் காலத்திலேயே 304 என்ற சீட்டாட்டத்தில் கற்றுக்கொண்டவர்கள் என்றே சொல்லவேண்டும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304 என்ற அந்தக் கணக்கில் எங்கேயாவது கிங்கின் அங்கி என்ன நிறம் என்று யாராவது பார்த்ததுண்டா? போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லாத இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து விளையாடினோமே, அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பும் கறுப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரிந்தன. இருந்தும் ஒருவரும் துரும்பைத் தவறவிட்டதில்லை, ஏனெனில் கறுப்பு இனங்களான ஸ்கோப்பனுக்கும் கலாவரைக்கும் நிறம் ஒன்றுதான், வடிவம்தான் வேறு, அந்த வடிவத்தையே கண் பழகியிருந்தது.

நிறமே விதியாக இருக்கிற விளையாட்டு என்றால் கதை வேறு. 1993இல் வந்த மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டாட்டத்தில் வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்ற ஐந்து நிறங்களை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. அங்கேயும் 2003இல் அட்டைப் படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் வடிவத்தை மாற்றியபோது இரசிகர்களிடையே பெரிய கொந்தளிப்பு எழுந்தது. அதில் பெரும்பகுதி பழக்கத்தின் கோபம்தான். ஆனால் ஒரு முறைப்பாடு முற்றிலும் நியாயமானது: புதிய வடிவத்தில் கருவி வகை அட்டைகளுக்குக் கொடுத்த வெளிறிய சாம்பல் சட்டம் வெள்ளை அட்டைகளின் சட்டத்தோடு குழம்பியது, மேசையின் அந்தப் பக்கம் கிடக்கும் அட்டை எந்த வகை என்று தெரியாமல் விளையாடுகிறவர்கள் அவதிப்பட்டார்கள். 2004இல் அந்தச் சாம்பலை இருளாக்கிக் குறையைத் தீர்த்தார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் இது, ஏனென்றால் அழகா இல்லையா என்ற பேச்சை விட்டுவிட்டு, எங்களால் வாசிக்க முடியவில்லை என்று சொன்னவர்களின் சொல்தான் கடைசியில் எடுபட்டது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உண்டு என்பதையும் உங்கள் குழுவில் எடுத்துச் சொல்லும். மன்ச்கினில் நிறத்துக்கு விதியில் வேலை எதுவும் இல்லாதபடியால், வண்ணப் பதிப்பு அவர்களுக்கும் தீங்கு செய்யாது. அந்த மட்டில் அது குற்றமற்றது.

இதே சர்ச்சை தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களிடையேயும் நடந்தது உமக்கு நினைவிருக்கும். சிவகாசியிலிருந்து வரும் இதழ்கள் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்குப் போனபோது, பழைய வாசகர்கள் பலர் மனம் வருந்தினார்கள். அங்கே நான் வண்ணத்தின் பக்கம் நின்றேன். லக்கி லூக் போன்ற பெல்ஜியக் கதைகள் மூலத்திலேயே வண்ணத்தில் வெளிவந்தவை. தமிழில் அவற்றைக் கறுப்பு வெள்ளையில் படித்த காலத்தில் எங்களுக்கு உரியதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் 1948இல் இத்தாலியில் தொடங்கிய டெக்ஸ் வில்லர் கதைகள் கறுப்பு வெள்ளைக்கென்றே வரையப்பட்டவை. அவற்றில் நிழல் விழுகிற இடம், இரவு இருக்கிற இடம் எல்லாவற்றையும் ஓவியர் மையினாலேயே தீர்த்துவைத்திருக்கிறார். அதற்கு மேல் நிறம் வருவது தேவையில்லாத இரண்டாம் கை. எந்தக் கோடு எதற்காக இழுக்கப்பட்டதோ அதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்ற என் எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது. எங்கள் நகைச்சுவை இதழான சிரித்திரனை எடுத்துக்கொள்ளும். அதில் சுந்தர் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பர் வெறும் கறுப்புக் கோடு; அந்தக் கோட்டில் ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தான் தன்னைத்தானே கண்டு சிரித்தான். அதற்கு யாராவது நிறம் தீட்டிக் கொண்டுவந்தால் நான் வாங்கிப் பார்ப்பேன், ஆனால் பக்கத்தில் பழைய இதழையும் வைத்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

அச்சின் பக்கத்தையும் கொஞ்சம் விசாரித்தேன். ஸ்டான்லி வீதியில் நீண்ட காலமாக அச்சகம் நடத்திவரும் ஒரு பெரியவரிடம் இரண்டு அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். தடைக் காலத்தில் கடதாசி கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை வெளிவந்ததே, அந்த நாட்களில் கையில் மை பட்டுப் பழகியவர் அவர். பழுப்பை ஒரே தனி மையாகக் கலந்து அடித்தால் கோடு கூராக விழும், நான்கு மைகளைச் சேர்த்துப் பழுப்பைப் பிறப்பித்தால் நான்கு அச்சுத் தகடுகளும் மயிரிழைகூட விலகாமல் பொருந்தவேண்டும், விலகினால் கோட்டின் ஓரம் கலங்கும் என்றார். ஒரு முறை அச்சிட்டதும் அடுத்த முறை அச்சிட்டதும் நிறத்தில் சற்றாவது வேறுபடுவது எந்த அச்சகத்திலும் இயல்பு என்பதையும் அவரே சொன்னார். இங்கேதான் உங்கள் குழுவில் ஒருவரும் பேசாத உண்மையான சிக்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. மன்ச்கினின் அடிப்படைப் பெட்டியில் 168 அட்டைகள். கதவுக் கட்டில் 95, புதையல் கட்டில் 73. அதோடு எவரும் நிற்பதில்லை, தனியாக விற்கும் மேலதிக அட்டைகளான விரிவுக் கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் கலக்கிறோம். பழுப்பும் வண்ணமும் ஒரே கட்டில் முகப்பக்கம் கலந்துகிடப்பது கண்ணுக்கு உறுத்தலாம், ஆட்டத்தைக் கெடுக்காது. ஆனால் பின்பக்கத்தின் நிறம் இரண்டுக்கும் சிறிதளவு வேறுபட்டாலும், அடுத்ததாக வரப்போவது எந்தப் பதிப்பின் அட்டை என்று பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரசிகர்கள் ஒன்றுசேர்ந்து எதையாவது கேட்பதென்றால், படத்துக்கு நிறம் பூசுவதை நிறுத்து என்று கேட்பதைவிட, பின்பக்கத்தை ஒருபோதும் மாற்றாதே என்று கேட்பதுதான் எல்லோருக்கும் பயன்படும்.

இரண்டு பதிப்பையும் சேர்த்தே விற்றால் என்ன என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தீர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தகடு செய்து, இயந்திரத்தை ஆயத்தம் பண்ணி, வெட்டும் அச்சைப் பொருத்தும் செலவு ஆயிரம் பெட்டிக்கும் ஒன்றுதான், பத்தாயிரம் பெட்டிக்கும் ஒன்றுதான். பழுப்பைக் கேட்பவர்கள் சிலரென்றால், அவர்கள் பெட்டிக்குக் கொடுக்கவேண்டிய விலை ஏறிவிடும். அந்த விலையைக் கொடுக்க நான் ஆயத்தம். எல்லோரும் ஆயத்தமாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆகையால் நிறுவனம் துரோகம் செய்துவிட்டது என்று உமது நண்பர் எழுதிய சொல்லை நான் ஏற்கவில்லை. அதேபோல, பழுப்பைக் கேட்பவர்களெல்லாம் காலம் மாறியதை அறியாதவர்கள் என்று மற்றவர் சொன்னதையும் ஏற்கவில்லை. கோவாலிக்கின் கோட்டை அழித்துப் புதிதாக வரைந்திருந்தால் நான் உரத்துப் பேசியிருப்பேன். கோடு இருக்கிறது, அதற்குள்தான் நிறம் வந்திருக்கிறது. என் கவலையின் அளவு அவ்வளவுதான்.

நாங்கள் இங்கே செய்திருக்கிற ஏற்பாடு என்னவென்றால், பெரியவர்கள் மட்டும் இருக்கிற போயா தின இரவுகளில் பழைய பெட்டியை எடுக்கிறோம். பிள்ளைகள் இருந்தால் நீர் அனுப்பியதைத் திறக்கிறோம். இரண்டையும் கலந்து ஒரு பெரிய ஆட்டம் ஆடவேண்டும் என்பது மருமகளின் நெடுநாள் வேண்டுகோள். அதற்குப் பின்பக்கம் ஒளி ஊடுருவாத பிளாஸ்ரிக் உறைகள் வேண்டும். கஸ்தூரியார் வீதியிலும் பெரிய கடைப் பக்கமும் தேடிப் பார்த்தேன், கண்ணாடிபோல் இரண்டு பக்கமும் தெரிகிறவைதான் கிடைத்தன. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறபோது இரண்டு நிறத்தில், கதவுக் கட்டுக்கு ஒன்று புதையல் கட்டுக்கு ஒன்றாக, விரிவுக் கட்டுகளுக்கும் போதுமான அளவு வாங்கிவாரும். அட்டையின் அளவை அளந்து கடிதத்தோடு ஒரு துண்டில் கீறி வைத்திருக்கிறேன். கடையில் அதை வைத்துப் பார்த்து வாங்கினால் பிழைக்காது. உம்மிடம் இருக்கும் பழைய பழுப்பு விரிவுக் கட்டுகளை அந்தக் குழுவில் யாருக்கும் கொடுத்துவிடாதேயும், அவற்றையும் கொண்டுவாரும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்