பொருள்: ஹான்லே டூரில் ஹான்லேவுக்கே கூட்டிப் போகாதது – பணத்தைத் திருப்பித் தரக் கோரி

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் உங்கள் 'லடாக் – ஹான்லே' குடும்பப் பேக்கேஜில் நானும் என் கணவரும் என் அப்பாவும் போய்வந்தோம். வானாய்வகம் இருக்கிற ஹான்லே கிராமத்தைப் பார்க்கத்தான் இந்தப் பேக்கேஜையே எடுத்தோம். பதிவு எண், ரசீது எல்லாம் இந்த மெயிலோடு இருக்கின்றன. தயவுசெய்து மறுபடியும் அனுப்பச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில், மெயிலில், நேரில் ஜெராக்ஸாக என்று கேட்ட வழியில் எல்லாம் கொடுத்து ஓய்ந்துவிட்டேன்.

உங்கள் வாடிக்கையாளர் பிரிவு கடைசியாக அனுப்பிய பதிலைப் படித்த பிறகுதான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன். "பயணியின் உடல்நலக் குறைவால், பயணி கேட்டுக்கொண்டபடி ஹான்லே ரத்து செய்யப்பட்டது, ஆகவே பணம் திருப்பித் தர இயலாது" என்று எழுதியிருக்கிறார்கள். இது பச்சைப் பொய். நாங்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. லே விமான நிலையத்தில் வண்டி ஏறும்போதே டிரைவர் கையில் இருந்த தாளில் ஹான்லே கிடையாது. லே, நுப்ரா, பாங்காங், திரும்ப லே. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதை என் கணவர் அங்கேயே போட்டோ எடுத்துவிட்டார், நேரமும் தேதியும் அதில் இருக்கின்றன. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது மறுநாள். மறுநாள் வரப்போகிற நோய்க்காக முந்தின நாளே எப்படி ரத்து செய்தீர்கள்?

லேயில் ஒவ்வொரு ரூட்டுக்கும் டாக்ஸி யூனியன் ரேட் போட்டு வைத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டிரைவருக்கு நீங்கள் பாங்காங் வரைக்கும்தான் கட்டியிருக்கிறீர்கள். ஹான்லேவுக்கு லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டியே உப்ஷி, நியோமா என்று 250 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்த வாடகையை மிச்சம் பிடித்துக்கொண்டு, எங்களிடம் மட்டும் ஹான்லேவையும் சேர்த்து 1,65,000 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். டிரைவர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தங்கமான மனிதர். அவர் தன் போனைத் தராவிட்டால் உங்கள் 'அவசர எண்'ணுக்குக்கூட நாங்கள் பேசியிருக்க முடியாது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்று கிளம்பும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வருஷா வருஷம் ஆட்களை அனுப்புகிறவர்கள்தானே நீங்கள்?

எங்கள் வீட்டில் இது ஏதோ ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பயணம் இல்லை. அப்பா திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் தன் செலவில் அழைத்துப் போனவர். அந்த இரண்டு இடங்களையும் நடத்துகிற இந்திய வானியற்பியல் மையம்தான் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறது. அதற்குப் பெயரே நம் வானியற்பியல் விஞ்ஞானி சந்திரசேகரின் பெயர். அந்தத் தொலைநோக்கிக் கூண்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2022-ல் ஹான்லேயை, இரவு வானம் வெளிச்சத்தால் கெடாமல் காக்கிற இருண்ட வானக் காப்பகமாக அறிவித்த செய்தியைக் கத்தரித்து டைரிக்குள் வைத்திருக்கிறார். நிலா வெளிச்சம் இருக்கக் கூடாது என்று ஆனி அமாவாசையை ஒட்டித் தேதி பார்த்துத்தான் பணம் கட்டினோம். அதையும் உங்கள் ஆளிடம் சொன்னோம். "அமாவாசைக்குப் போனா பால்வீதி அப்படியே தெரியும் சார், நான் கேரண்டி" என்று அப்பாவிடமே சொன்னார்.

அதே நபர்தான், ஊர் திரும்பிய பிறகு நான் பணத்தைக் கேட்டபோது சொல்கிறார்: "நட்சத்திரம்தானே மேடம், உங்க வீட்டு மொட்டை மாடியிலயே பாத்துக்கலாமே."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். நாற்பது வயதுகூட இருக்காது அந்த சீனியர் எக்சிகியூட்டிவுக்கு. ஒரு வயதான வாத்தியாரிடம் பேசுகிற பேச்சா இது? அந்தப் பேச்சு என்னிடம் பதிவாக இருக்கிறது. நீங்களே கேட்டுப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் அவர் பேச்சைத் தொடங்குகிறார்.

உடல்நலக் குறைவு என்று எழுதுகிறார்களே, அது யாரால் வந்தது என்று கேளுங்கள். உங்கள் பயணத் திட்டத்தில் முதல் இரண்டு ராத்திரியும் லேயில் ஓய்வு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. லே 11,500 அடி. கடல் மட்டத்தில் கிடைக்கிற ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் 48 மணி நேரமாவது அலையாமல் இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் டாக்டரே சொல்லி, அப்பாவுக்குச் சான்றிதழும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். ஆனால் மறுநாள் காலையிலேயே உங்கள் கைடு வந்து கதவைத் தட்டி, ரூம் ஒரு ராத்திரிக்குத்தான் போட்டிருக்கிறது, நுப்ரா கிளம்புங்கள் என்கிறார். தமிழ் பேசும் கைடு என்றீர்கள், அவருக்கு இந்தி மட்டும்தான் தெரிந்தது. அது போகட்டும். நேராக கர்துங் லா கணவாய், 17,500 அடிக்கு மேல். அங்கே அப்பாவுக்குத் தலைவலி, வாந்தி, உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது.

வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு என்று பேக்கேஜில் இருக்கிறது அல்லவா. இருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து என் கணவர் இழுத்து எடுத்தார். மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. மாஸ்க்கின் ரப்பர் குழாய் வெடித்து, அதில் பிரவுன் டேப் சுற்றியிருந்தது. அந்த நிமிஷம் என் கை கால் எப்படி நடுங்கியது என்று எழுதிக் காட்ட முடியாது. அப்பாவை அங்கேயே இழந்துவிட்டோம் என்றே நினைத்தேன். வழியில் ராணுவ முகாமில் இருந்த வீரர்கள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். அப்புறம் நுப்ராவில் இருக்கிற திஸ்கித் ஆஸ்பத்திரி. நுப்ரா லேயைவிடத் தாழ்வு என்பதால் இறங்க இறங்க அவருக்குச் சரியாகிவிட்டது. பிறகு டாக்டரே மெதுவாகப் பயணத்தைத் தொடரலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும் உங்களிடம் கொடுத்தேன்.

கொடுத்தேன் என்றால், சும்மா இல்லை. அசல் ஆவணங்களோடு சென்னை அலுவலகத்துக்கு வாருங்கள், மேலாளர் பார்ப்பார் என்று உங்கள் ஆட்களே நாள் குறித்தார்கள். லீவு போட்டு, ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே திண்டுக்கல்லிலிருந்து வந்தேன். காலையிலிருந்து மதியம் வரை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, சார் வெளியூர் போயிருக்கிறார், ஜெராக்ஸை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டால், அந்த வழக்கமெல்லாம் இங்கே இல்லையாம். அடுத்த வாரமே, ஆவணங்கள் எதுவும் வந்து சேரவில்லை என்று மெயில் வருகிறது! உங்கள் அலுவலகத்தில் கேமரா இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்ததும் கவரை நீட்டியதும் அதில் இருக்கும்.

ஐயா, உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. கீழே நடக்கிறது உங்கள் காதுக்கு வராமலே இருந்திருக்கலாம். அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். பேக்கேஜ் பணம் 1,65,000 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மன உளைச்சலுக்கும் அப்பாவின் உயிரோடு விளையாடியதற்கும் 5 லட்சம் தர வேண்டும். எங்கள் பல வருஷச் சேமிப்பு இதோடு போய்விட்டது, இந்த வயதில் அப்பாவால் இன்னொரு முறை அவ்வளவு உயரம் போகவும் முடியாது. 50 லட்சம் கொடுத்தாலும் இது ஈடாகாது. அந்த எக்சிகியூட்டிவ் அப்பாவிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் முடிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். நான் இனிச் சென்னைக்கு அலையத் தேவையில்லை, நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். டிரைவரின் தாள், சிலிண்டர் மீட்டரின் போட்டோ, திஸ்கித் சீட்டு, போன் பதிவு எல்லாம் தயாராக இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வைக்காமல் நல்லபடியாக முடித்துக் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேச வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் என் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அந்த சீனியர் எக்சிகியூட்டிவைப் பேச விடாதீர்கள். அப்பாவின் எண் உங்கள் பதிவில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்