படத்துக்குக் கீழேயே விடையை அச்சடிக்காதீர்கள்

மொழிப் பாடநூல் எழுதுவோருக்கும், மொழித் தேர்வுகளுக்கு வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

உங்கள் நூல்களில் படங்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக்குப் பக்கம் வண்ணம், வழவழப்பான தாள், தெளிவான அச்சு. ஆனால் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு வகுப்பில் பத்து நிமிடம்கூடப் பேச்சை ஓட்ட முடியவில்லை. மொழி சொல்லிக்கொடுக்கும் எங்களில் பலர் ஆசிரியர் அறையில் புலம்புகிற குறைதான் இது. உங்கள் காதுக்கு வரட்டுமே என்று எழுதுகிறேன்.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு பூங்கா. நடுவில் ஊஞ்சல், ஓரத்தில் சறுக்குமரம், பந்து விளையாடும் பிள்ளைகள், பெஞ்சில் ஒரு தாத்தா. எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு. மேலே 'பூங்கா' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே கட்டத்துக்குள் உதவிச் சொற்கள்: ஊஞ்சல், பந்து, மரம், விளையாடு. அதற்கும் கீழே, 'படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியங்கள் எழுதுக.' வேறென்ன வரும்? "இது ஒரு பூங்கா. பூங்காவில் ஊஞ்சல் உள்ளது. பூங்காவில் மரம் உள்ளது. பூங்காவில் தாத்தா உள்ளார்." வகுப்பில் எத்தனை பேர் இருந்தாலும் நாங்கள் திருத்துவது ஒரே தாளைத்தான்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரில் இருப்பவர் கண்ணுக்கும் நேராகத் தெரிகிற ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்குமே புரியாத ஏதோ ஒன்று படத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பேச ஒரு காரணம் கிடைக்கும்.

பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. செக் கல்வியாளர் கொமேனியஸ் 1658ல் நூரம்பெர்க்கில் வெளியிட்ட 'ஆர்பிஸ் பிக்டஸ்' என்ற சிறுவர் படநூலில், படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் போட்டு, அதே எண்ணை லத்தீன், ஜெர்மன் சொற்களுக்குப் பக்கத்திலும் போட்டிருந்தார். பொருள் புரியாமல் லத்தீனை உருப்போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. புதுச் சொற்களை அறிமுகப்படுத்த இன்றைக்கும் அந்த முறை நல்லதுதான். பேசவும் எழுதவும் வைக்க வேண்டிய பக்கத்திலும் அதையே போட்டு நிரப்புவதில்தான் சிக்கல்.

பேச வைக்கும் படம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது மருத்துவத் துறையில் இருக்கிற ஒரு படத்தை. மூளைப் பாதிப்பால் பேச்சு குன்றியவர்களைச் சோதிப்பதற்காக, 1972ல் வெளிவந்த பாஸ்டன் சோதனைத் தொகுப்பில் உள்ளது. வெறும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். சமையலறையில் ஒரு பையன் முக்காலி மேல் ஏறி, அலமாரியில் இருக்கும் பிஸ்கட் ஜாடிக்குள் கையை விடுகிறான். முக்காலி சாய்ந்துவிட்டது. கீழே ஒரு சிறுமி தனக்கும் கேட்டுக் கை நீட்டுகிறாள். பக்கத்திலேயே அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் கொட்டுவது அவர் கவனத்திலேயே இல்லை.

இதைப் பார்த்துவிட்டு 'சமையலறையில் ஜாடி உள்ளது' என்று யார் ஆரம்பிப்பார்கள்? "ஐயோ, விழப்போறான்!" என்பதுதான் முதலில் வரும். அப்புறம், "அம்மா ஏதோ யோசனையில இருக்காங்க போல." "தண்ணி கால்ல பட்டா தெரியாதா?" எதிர்காலம், ஊகம், நிபந்தனை எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி எழுதி, நாங்கள் மென்று விழுங்கி நடத்துகிறவை. அந்தப் படத்தில் ஏதோ கோளாறாகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அதன் ரகசியம். உங்கள் பூங்காவில் எதுவுமே கோளாறாவதில்லை. (இப்போது சில பயிற்சித் தாள்களில் செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் வருகின்றன. ஆறு விரலோடு ஒரு கை வந்தால் அன்றைக்கு வகுப்பு அமோகமாகப் பேசும்.)

நல்ல படம் கிடைத்தும் கேள்வி அதைக் கெடுத்துவிடுவது உண்டு. 'படத்தில் எத்தனை பேர் உள்ளனர்?' என்று கேட்டால் 'மூன்று' என்பதோடு கதை முடிந்தது. அபிகெய்ல் ஹவுசனும் பிலிப் யெனவைனும் கலைக்கூடப் பார்வையாளர்களுக்காக வகுத்த முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? நடுவில் இருப்பதுதான் தங்கம். ரயில் நிலைய பெஞ்சில் பெட்டியோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் என்று வையுங்கள். "ரயிலுக்குக் காத்திருக்கிறார்" என்கிறாள் ஒருத்தி. எதைப் பார்த்துச் சொல்கிறாய்? "கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாரே." பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வந்து இறங்கினவராகவும் இருக்கலாம், கூட்டிப்போக ஆள் வரலையோ என்னவோ." முதலாமவள் விடவில்லை: "குடையிலிருந்து தண்ணீர் சொட்டுது பாரு. வெளியிலிருந்துதான் வந்திருக்கணும்." இந்த வாதம் முடிந்த கையோடு எழுதச் சொன்னால் ஐந்து வாக்கியத்துக்கு யாரும் விரலை எண்ண மாட்டார்கள். உங்கள் நூல்களில் 'பேசுக' ஒரு பாடத்திலும் 'எழுதுக' வேறொரு பாடத்திலும் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே படத்தின் கீழ் கொண்டுவாருங்கள், பேச்சு முதலில்.

பழைய ஓவியங்களையும் யோசியுங்கள். புரூகல் 1560ல் தீட்டிய 'சிறுவர் விளையாட்டுகள்' ஓவியத்தில் 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். வளையம் உருட்டுகிறார்கள், பொய்க்காலில் நடக்கிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள். இதை வைத்து ஒரு விளையாட்டு: விரலால் சுட்டாமல், வாயால் மட்டும் அடையாளம் சொல்லி ஒரு பிள்ளையை நண்பர் கண்டுபிடிக்கும்படி செய்ய வேண்டும் என்பது விதி. இடம், நிறம், செயல் எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்லாவிட்டால் நண்பர் வேறு யாரையோ காட்டுவார். அந்தத் தவறைத் திருத்த ஆசிரியர் தேவையில்லை.

நான்கு கட்டப் படக்கதைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசிக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். காணாமல் போன தவளையை ஒரு பையனும் நாயும் தேடிப்போகிற, சொல்லே இல்லாத ஒரு படநூலை மொழியியலாளர்கள் பல மொழிக் குழந்தைகளிடம் கொடுத்துக் கதை சொல்லக் கேட்டபோது, மிகச் சிறியவர்கள் 'இது பையன், இது நாய்' என்று பக்கம் பக்கமாகப் பெயர் சொன்னார்கள். வளர்ந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே தேடலாகக் கோத்தார்கள். அந்தக் கோக்கும் திறனை வளர்க்கத்தான் படக்கதை. முடிவையும் நீங்களே வரைந்து கொடுத்துவிட்டால் அவர்கள் கோக்க என்ன மிச்சம்?

வினாத்தாள் அமைப்போருக்குத் தனியாக ஒன்று. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு 'படத்துக்குப் பதிலாக' என்று ஒரு கடித வினாவைக் கொடுத்து ஒதுக்கிவிடுகிறீர்கள். படம் செய்கிற அதே வேலையை முடிவு சொல்லாத ஓர் ஒலிப்பதிவு செய்யும்: கதவு தட்டும் ஓசை, ஓடும் காலடி, பாத்திரம் விழும் சத்தம். என்ன நடந்திருக்கும் என்று அவரும் ஊகிக்கட்டும்.

ஆளுக்கொரு விடை வந்தால் மதிப்பெண் போடுவது எப்படி என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. நியாயமான தயக்கம்தான். ஆனால் கேம்பிரிட்ஜின் பி2 நிலை (இடைநிலைக்கு மேற்பட்ட நிலை) ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இரண்டு புகைப்படங்களைக் கொடுத்து ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள்; அங்கேயும் ஆளுக்கொரு விடைதான் வருகிறது, மதிப்பெண்ணும் போடுகிறார்கள். அடுத்த பதிப்பில் ஒரு பாடத்திலாவது தலைப்பை எடுத்துவிட்டு, உதவிச் சொற்களை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப் பாருங்கள். விடைக்குறிப்பில் 'மாணவர் சொல்லும் காரணத்துக்குப் படத்தில் ஆதாரம் இருந்தால் முழு மதிப்பெண்' என்று ஒரு வரி சேருங்கள். மீதியை வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மொழி ஆசிரியர்