வணிக டிப்ளமோவில் சேர்க்கும் முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை சுவரெல்லாம் நோட்டீஸ். பிசினஸ் மேனேஜ்மென்ட், லாஜிஸ்டிக்ஸ், ஆபீஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்று பெயர்கள் மாறும். அடியில் 'வேலை நிச்சயம்' என்ற வரி மட்டும் மாறாது. முன்பணம் கட்டிய ரசீதோடு வந்து "இது நல்ல படிப்பா?" என்று கேட்கும் பெற்றோருக்கு உதவ அதன்பிறகு பெரிதாக வழி இருப்பதில்லை. ஆகவே கட்டுவதற்கு முன்பே இந்தக் கடிதம்.

முதலில் 'டிப்ளமோ' என்ற சொல். பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. கண்டவர் பி.காம். பட்டம் கொடுக்க முடியாது. டிப்ளமோவுக்கு அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு வேலி இல்லை. மாடியில் நான்கு கணினி போட்டவரும் அழகான தாளில் 'டிப்ளமோ' என்று அச்சடித்துத் தரலாம். எனவே சான்றிதழின் தலைப்பை விட, கீழே கையெழுத்துப் போடுவது யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாலிடெக்னிக் டிப்ளமோ என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் இருக்கும், தேர்வைத் தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும். கல்லூரியில் பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டம் என்றால் பல்கலைக்கழகம். கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம் என்றால் தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியம். ஐ.டி.ஐ. என்றால் தேசியத் தொழிற்சான்றிதழ். திறன் சான்றிதழ் என்றால் என்.சி.வி.இ.டி. (தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழு) அங்கீகரித்த அமைப்பின் பெயரும், தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அது எத்தனையாவது நிலை என்பதும் சான்றிதழிலேயே இருக்க வேண்டும். இதில் எதிலும் சேராமல் 'ஐ.எஸ்.ஓ. 9001 பெற்றது', 'மத்திய அரசில் பதிவு பெற்றது' என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் நிற்கவும். ஐ.எஸ்.ஓ. என்பது அலுவலக நடைமுறைக்கான தரச்சான்று. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவை மாவு மில்லும் எடுக்கலாம், மெக்கானிக் ஷெட்டும் எடுக்கலாம். பாடத்திட்டத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை.

இதைச் சோதிக்கப் பலருக்கும் தெரியாத எளிய வழி ஒன்று உண்டு: கட்டண ரசீது. சட்டப்படி அங்கீகாரம் பெற்ற கல்வித் தகுதிக்கான கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம் உண்டு. அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் "கவர்மென்ட் ரெகக்னைஸ்டு" என்று வாயால் சொல்லிவிட்டு 18 சதவீத வரியுடன் பில் போட்டுத் தந்தால், அந்த பில்லே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். ஒன்று மட்டும் கவனம்: ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள சிறு நிலையங்கள் ஜி.எஸ்.டி. பதிவே எடுத்திருக்க மாட்டார்கள். வரி இல்லாததாலேயே அங்கீகாரம் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

இனி படிப்புக்கு வருவோம். பதினெட்டு வயதில் யாரும் யாரையும் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. படிப்பின் பெயரில் மேனேஜ்மென்ட் இருந்தாலும் முதல் வேலை ஒரு மேஜையில், ஒரு தாளில், ஒரு தேதிக்குள்தான். பிள்ளை எந்த மேஜையில் உட்காரப் போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற படிப்பைப் பிறகு தேடலாம்.

நம் பகுதியைச் சுற்றி இப்படி இரண்டு பெரிய மேஜைகள் இருக்கின்றன. ஒன்று துறைமுகம். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றும் நமக்கு எட்டும் தூரம். ராஜாஜி சாலையில் சுங்க அலுவலகம். மண்ணடியிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும், சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்சிகள். மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுகள். இங்கே வேலை என்பது பெரும்பாலும் ஆவண வேலை. சுங்கத்தில் தாக்கல் செய்ய இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். ஒரு சரக்குக்கான தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் வேறொரு எடை என்றால் சரக்கு நின்றுவிடும். பொருளுக்கான எட்டு இலக்க வகைப்பாட்டு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் வரி விகிதமே மாறிவிடலாம். கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கு. அதைக்கூடச் சொல்லித்தராத 'ஷிப்பிங் டிப்ளமோ' இருந்தால் அதில் சேர்வதில் அர்த்தமில்லை.

பிழையின் விலையும் இங்கே அதிகம். பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இலவச நாள் கடந்தால் யார்டுக்குத் தரை வாடகை தனி, கன்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் தனி. அவசரக்காரப் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவராது. எதையும் இரண்டாம் முறை படித்துப் பார்க்கும் பிள்ளை, ஆங்கிலம் சுமாராக இருந்தாலும், இதில் நிலைத்துவிடும்.

இந்தத் துறையில் ஒரு நல்ல செய்தி: சுங்கத் தரகர் (கிளியரிங் ஏஜென்ட்) அலுவலகத்தில் எச் கார்டு, ஜி கார்டு என்று அடையாள அட்டைகள் உண்டு. எச் கார்டோடு தொடங்கி, சுங்கத்துறைத் தேர்வு எழுதி ஜி கார்டு பெறலாம். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி இதற்குக் குறைந்தபட்சக் கல்வி பிளஸ் டூ. சொந்தமாக உரிமம் எடுக்கும் எஃப் கார்டுக்குப் பட்டம் வேண்டும். ஆக, லட்ச ரூபாய் டிப்ளமோ இல்லாமலே வாசல் திறந்திருக்கிறது. ஆனால் பட்டம் இல்லாவிட்டால் முன்னேற்றம் ஓரிடத்தில் நின்றுவிடும். லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ எடுக்கும் பிள்ளை மாலையிலோ தொலைநிலையிலோ பட்டத்தையும் தொடர வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது மேஜை கணக்கு. சவுகார்பேட்டையின் மொத்த வியாபாரம், மண்ணடியின் இரும்புக்கடைகள், எம்.சி. ரோட்டின் ஜவுளி, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். அவருடைய மாதத்தைத் தேதிகள் நடத்துகின்றன. 7ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வருமான வரி), 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1 (விற்பனை விவரம்), 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 3பி (மாத வரிக் கணக்கு). சிறு வியாபாரிகளுக்குக் காலாண்டு முறை இருந்தாலும் அடிப்படை இதுதான். வாங்குபவரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை மாற்றி அடித்துவிட்டால் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு அவருக்குக் கிடைக்காது; அவர் நம் முதலாளியின் பணத்தைப் பிடித்துக்கொள்வார். ஒரு கணக்குப் படிப்பு நல்லதா என்று அறிய, இந்த நான்கு தாக்கல்களையும் மாதிரிப் படிவத்தில் பிள்ளையையே செய்ய வைக்கிறார்களா என்று கேளுங்கள். 'டாலி (கணக்கு மென்பொருள்) முழுவதும்' என்பது பதில் ஆகாது.

டாலி பற்றி இன்னொன்று. உரிமம் வாங்காத டாலி கல்வி முறையில்தான் ஓடும். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். டெமோ வகுப்பில் பிள்ளையை 14ஆம் தேதியிட்டு ஒரு வவுச்சர் போடச் சொல்லுங்கள். ஏற்றுக்கொள்ளாவிட்டால், கட்டணத்தில் 'சாஃப்ட்வேர்' என்று ஒரு தொகை எழுதியிருக்கிறார்களே, அது எதற்கு என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

நம் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் அலுவலக மேலாண்மையும் செயலியலும், கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் படித்தவர்களுக்கு இந்த மேஜைகள் புதியவை அல்ல. தொழிற்கல்விப் பாடத்தோடு பிளஸ் டூ முடித்தவர்கள் தேசியப் பழகுநர் திட்டத்தில் ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்சி பெறத் தகுதி உடையவர்கள். தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்திலேயே. காசு கொடுத்துப் படிக்கும் ஆறுமாத டிப்ளமோவைவிடக் காசு வாங்கிக்கொண்டு பழகும் ஓராண்டு மேல் என்பது எங்கள் கருத்து. இதைக் கேட்டு வருபவர்கள்தான் குறைவு.

அரசு வேலை மனத்தில் இருந்தால் தட்டச்சை விட வேண்டாம். தொகுதி 4 தேர்வின் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்ச்சி வேண்டும். இரண்டில் ஒன்றிலாவது மேல்நிலை இருக்க வேண்டும். கூடவே அலுவலகத் தானியக்கக் கணினிச் சான்றிதழ். ஆங்கிலத்தில் கீழ்நிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், மேல்நிலைக்கு 45 சொல். பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவது வேகத்தாளில் இல்லை. கடிதமும் அட்டவணையும் அமைக்கும் தாளில். ஓரம் விடுவதும் நிரல் பிரிப்பதும் பழகாமல் வேகத்தை மட்டும் ஏற்றுவதால் வரும் வினை அது.

கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம் ஓராண்டு. நமக்கு அருகில் அண்ணா நகரில் நடேசன் கூட்டுறவு மேலாண்மை நிலையம் இருக்கிறது. பிளஸ் டூ போதும் என்றாலும், கூட்டுறவு வங்கி உதவியாளர் பணிக்குப் பட்டமும் கூட்டுறவுப் பயிற்சியும் சேர்த்தே கேட்கிறார்கள். பட்டயத்தை மட்டும் முடித்துவிட்டு வங்கி அறிவிப்புக்குக் காத்திருப்பது வீண். பட்டம் முடித்தவர்களுக்குக் கூட்டுறவு மேலாண்மை உயர் பட்டயம் தனியாக உண்டு.

பத்தாம் வகுப்போடு நேரே பாலிடெக்னிக்கில் வணிக டிப்ளமோ சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மூன்றாண்டு, ஆறு பருவம், அங்கீகாரமும் உண்டு. ஆனால் இந்தப் பிரிவு சில கல்லூரிகளில்தான் இருக்கிறது, மற்றவை பொறியியல் பிரிவுகளே. விருப்பப் பட்டியலில் கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துக் குறித்தால் பிள்ளை மெக்கானிக்கலில் போய் உட்காரும். பட்டத் தகுதி கேட்கும் அரசுத் தேர்வுகளில் 10, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு, பட்டம் என்ற வரிசையும் பார்க்கப்படுகிறது. குடும்பச் சூழல் இடம் கொடுத்தால் பிளஸ் டூ வணிகப் பிரிவை முடித்துவிட்டுப் போவதே எங்கள் பரிந்துரை.

மதிப்பெண் ஓரளவு இருந்தால் டிப்ளமோவுக்கு முன் இன்னொரு கதவைத் தட்டிப் பாருங்கள். பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் பி.காம். கிடைத்தால் ஆண்டுக் கட்டணம் தனியார் டிப்ளமோவின் ஒரு தவணைகூட வராது. மாலையில் தட்டச்சும் டாலியும் பழகலாம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் தகுதி உள்ளவர்களுக்கு வரும். 6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு. அங்கீகாரம் இல்லாத நிலையத்தில் சேர்ந்தால் இது போய்விடும். கட்டணத்தோடு இந்த இழப்பையும் கூட்டிப் பாருங்கள்.

தனியார் நிலையம்தான் என்று முடிவு செய்தால், ஒருமுறை சொல்லாமல் போய்ப் பாருங்கள், அதுவும் வேலைநாள் பிற்பகலில். ஞாயிற்றுக்கிழமை டெமோவில் எல்லா நிலையமும் நிறைந்துதான் இருக்கும். சென்ற ஆண்டு முடித்தவர்கள் எந்த நிறுவனத்தில், எந்தப் பணியில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டிய புகைப்படம் போதாது. டெலிகாலிங் வேலையையும் 'பிளேஸ்மென்ட்' கணக்கில் சேர்ப்பது வழக்கம். மொத்தக் கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'மாதத் தவணை' என்று நிதி நிறுவனப் படிவத்தை நீட்டினால், அது உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பிள்ளை இரண்டாம் மாதம் நின்றாலும் தவணை நிற்காது, கட்டத் தவறினால் நாளைக்கு நீங்கள் கேட்கும் வீட்டுக்கடனிலும் அது தெரியும்.

அசல் சான்றிதழ்களை எங்கும் ஒப்படைக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே கல்லூரிகளுக்குச் சொல்லிவிட்டது. இடையில் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியும் அதில் இருக்கிறது. மானியக் குழுவின் கீழ் வராத நிலையங்களை அந்த விதி கட்டாது. ஆகவே அங்கே சேரும்போது நகலை மட்டும் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் ஐந்து ஐந்து நகல் எடுத்து, நம் பள்ளியில் சான்றொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளிலேயே பேச விரும்புபவர்கள் காலை 10 முதல் 12.30 வரை வணிகவியல் துறை ஆசிரியர்களைச் சந்திக்கலாம். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நிலையத்தின் நோட்டீஸ், கட்டண விவரம், அவர்கள் காட்டிய மாதிரிச் சான்றிதழின் படம் மூன்றும் கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். முன்பணத்தை அதுவரை உங்களிடமே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்